வளராத பிள்ளைகளும் வளர்ந்த சிரிப்பும்: ‘தி சிம்ப்சன்ஸ்’ அன்றும் இன்றும்

1989 டிசம்பர் 17 அன்று அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் ‘தி சிம்ப்சன்ஸ்’ தொடரின் முதல் அரைமணி நேர எபிசோடு ஒளிபரப்பானது. கிறிஸ்துமஸ் காலத்துக் கதை அது. அணுமின் நிலையத்தில் வேலை பார்க்கும் ஹோமர் சிம்ப்சனிடம் முதலாளி அந்த ஆண்டு போனஸ் கிடையாது என்று சொல்லிவிடுகிறார். மனைவி மார்ஜ் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம், மகன் பார்ட் கையில் குத்திக்கொண்ட பச்சையை அழிப்பதில் கரைந்துபோகிறது. வீட்டுக்குத் தெரியாமல் ஹோமர் ஒரு வணிக வளாகத்தில் கிறிஸ்துமஸ் தாத்தா வேடம் போடுகிறார். பிடித்தமெல்லாம் போகக் கைக்கு வருவது 13 டாலர். அதையும் நாய்ப் பந்தயத்தில் கட்டித் தோற்கிறார். கடைசியாக ஓடி வந்ததற்காக எஜமானன் துரத்திவிட்ட அதே நாய் அவர் கைகளில் வந்து விழுகிறது; வீட்டுக்கு அந்த ஆண்டின் பரிசும் அதுவே ஆகிறது.

இந்தக் கதையில் சிரிப்பு வரும் ஒவ்வொரு இடத்துக்கும் அடியில் ஒரு குறை கிடக்கிறது. வராத போனஸ், கரைந்த சேமிப்பு, பிள்ளைகள் முன் வெறுங்கையோடு நிற்க நேர்ந்த தகப்பனின் கூச்சம். தொடரின் முதல் சில ஆண்டுகளை இப்போது மறுபடி பார்க்கும்போது மனத்தில் தங்குவது இதுதான். அங்கே நகைச்சுவையும் வருத்தமும் ஒரே ஊற்றிலிருந்து வந்தன. இன்றைய தொடரில் நகைச்சுவை வற்றிவிட்டதாகச் சொல்ல முடியாது. ஊற்றுதான் இடம் மாறியிருக்கிறது.

முதல் சீசனில் இருந்தவை 13 எபிசோடுகள். அதற்கு முன்பு, 1987 முதல் 1989 வரை, டிரேசி உல்மன் நிகழ்ச்சியின் நடுவே ஓரிரு நிமிடத் துணுக்குகளாக 48 முறை இந்தக் குடும்பம் தலைகாட்டியிருந்தது. மேட் கிரேனிங் வரைந்த அந்த முரட்டுக் கோடுகளை ஜேம்ஸ் எல். புரூக்ஸும் சாம் சைமனும் அவரோடு சேர்ந்து அரைமணி நேரத் தொடராக வளர்த்தார்கள். இன்று எபிசோடுகளின் எண்ணிக்கை 750ஐத் தாண்டிவிட்டது. 635 எபிசோடுகள் ஓடிய ‘கன்ஸ்மோக்’ தொடரின் சாதனை 2018 ஏப்ரலில் முறியடிக்கப்பட்டது. 2025இல் வந்த அறிவிப்பின்படி 40ஆவது சீசன் வரை தொடர் நீளும். இத்தனை காலத்துக்குப் பிறகும் பார்ட்டுக்குப் பத்து வயது, லிசாவுக்கு எட்டு, மேகி வாயில் சூப்பானோடு கைக்குழந்தை.

இதற்கு முந்தைய தலைமுறையின் அனிமேஷன் குடும்பம் ‘தி ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்’. ஹன்னா-பார்பெரா நிறுவனம் 1960 முதல் 1966 வரை 166 எபிசோடுகள் தயாரித்தது. கற்கால வீடு, கற்கால கார் என்ற புதுமை இருந்தாலும் கதை சொல்லும் முறை மேடை நாடகத்தை ஒட்டியது. வரைந்த படத்துக்கும்கூடப் பதிவுசெய்த சிரிப்பொலியைச் சேர்த்திருந்தார்கள். ஒவ்வொரு வேடிக்கைக்குப் பிறகும் அந்தச் சிரிப்பு அடங்கும்வரை பாத்திரங்கள் காத்திருக்க வேண்டும். எங்கே சிரிக்க வேண்டும் என்பதைத் தொடரே சொல்லிக்கொடுத்தது.

‘சிம்ப்சன்ஸ்’ குழு அந்தச் சிரிப்பொலியை எடுத்துவிட்டது. இதனால் இரண்டு காரியங்கள் நடந்தன. சிரிப்புக்காக ஒதுக்கிய நொடிகள் மிச்சமாயின. ஒரு வேடிக்கை நின்ற இடத்தில் மூன்று நின்றன. அதைவிட முக்கியமானது, பார்ப்பவர் சிரிக்கவும் செய்யலாம், சும்மா இருக்கவும் செய்யலாம் என்ற சுதந்திரம் பிறந்தது. 1991 ஏப்ரலில் வந்த ஓர் எபிசோடில், தற்காலிக ஆசிரியராக வந்த பெர்க்ஸ்ட்ரம் ஊரைவிட்டுப் போகிறார். தன்னை முதன்முதலாகப் புரிந்துகொண்ட அந்த மனிதரைத் தேடி லிசா ரயில் நிலையத்துக்கு ஓடுகிறாள். அவர் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்துவிட்டுப் போகிறார். அதில் அவள் யார் என்பதைச் சொல்லும் ஒரே வரி. பின்னணியில் யாராவது சிரித்துக்கொண்டிருந்தால் இப்படியொரு காட்சியை எழுதியே இருக்க முடியாது. இன்று அனிமேஷன் குடும்பத் தொடர் எதிலும் சிரிப்பொலியை யாரும் எதிர்பார்ப்பதில்லை. அன்று துணிச்சலாக இருந்தது இன்று வழக்கமாகிவிட்டது.

அன்றைய தொலைக்காட்சிக் குடும்பங்கள் பெரும்பாலும் முன்மாதிரிக் குடும்பங்கள். ‘தி காஸ்பி ஷோ’வில் அப்பா மருத்துவர், அம்மா வழக்கறிஞர். 1990 அக்டோபர் 11 அன்று அதே நேரத்தில் அதற்குப் போட்டியாக ஒளிபரப்பான ‘சிம்ப்சன்ஸ்’ எபிசோடில், பார்ட் வகுப்பில் தேறாமல் போகும் நிலையில் இருக்கிறான். விளையாட்டை விட்டு உட்கார்ந்து படிக்கிறான். படித்தும் ஒரு மதிப்பெண்ணில் தோற்றுப்போய் அழுகிறான். அழுகைக்கு நடுவே அவன் உளறும் ஒரு வரலாற்றுச் செய்திக்காக ஆசிரியர் ஒரு மதிப்பெண் போட்டுத் தேர்ச்சி தருகிறார். அன்றிரவு இதைப் பார்த்தவர்கள் ஏறத்தாழ 3 கோடியே 36 லட்சம் பேர். 1992 ஜனவரியில் அதிபர் ஜார்ஜ் புஷ், அமெரிக்கக் குடும்பங்கள் சிம்ப்சன்களைப் போலல்லாமல் பொருளாதாரப் பெருமந்தக் காலக் கதையான ‘தி வால்டன்ஸ்’ தொடரின் குடும்பத்தைப் போல இருக்க வேண்டும் என்று பேசினார். மூன்றே நாளில் தொடர் பதில் சொன்னது: அந்தப் பேச்சைத் தொலைக்காட்சியில் பார்க்கும் பார்ட், வால்டன்களைப் போலவே நாங்களும் பொருளாதார மந்தம் முடியப் பிரார்த்திக்கிறோம் என்கிறான். ஓர் எபிசோடைத் தயாரிக்கப் பல மாதங்கள் பிடித்த காலத்தில் இந்த வேகம் அபூர்வம். இன்று ஓர் அதிபர் அனிமேஷன் குடும்பத்தைப் பார்த்துக் கவலைப்படுவார் என்று நினைக்கவே முடியாது. தொடர் வென்றுவிட்டது. வென்றதாலேயே அந்த மோதல் கொடுத்த கூர்மையும் போய்விட்டது.

கதை கட்டிய விதத்திலும் ஒரு தனித்தன்மை இருந்தது. முதல் அங்கம் ஒரு திசையில் தொடங்கும். அது முடியும்போது கதை எதிர்பாராத வேறொரு இடத்தில் நிற்கும். 1994இல் வந்த யானைக் கதையைப் பாருங்கள். மார்ஜ் வீட்டைச் சுத்தம் செய்யச் சொல்வதில் தொடங்குகிறது. வானொலிப் போட்டியில் வெல்லும் பார்ட், பத்தாயிரம் டாலர் ரொக்கம் வேண்டாம், யானைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறான். யானையும் வந்துவிடுகிறது, அதற்குத் தீனி போட்டு வீட்டுக் கணக்கு உதைக்கிறது. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் சம்பந்தமில்லாததுபோல் தோன்றினாலும் ஒவ்வொரு படியும் முந்தைய படியிலிருந்தே பிறந்தது. எத்தனை கோமாளித்தனம் நடந்தாலும் யார் பணம் கொடுப்பது என்ற கேள்வியைக் கதை மறக்கவில்லை.

அன்று எபிசோடு சுமார் 23 நிமிடம் ஓடியது. விளம்பர இடைவேளைகள் அதை மூன்று அங்கங்களாகப் பிரித்தன. இன்று சுமார் 21 நிமிடம், அங்கங்கள் நான்கு. குறைந்த நேரத்தில் கூடுதலாக ஓர் இடைவேளை என்றால், ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்கும் ஒரு திருப்பம் தேவைப்படுகிறது. சுற்றி வளைத்துச் செல்லும் அந்த முதல் அங்கத்துக்கு இடமில்லை. கதை நேரே விஷயத்துக்கு வருகிறது, வேகம் கூடியிருக்கிறது. வழிதவறிப் போய் ஓர் இடத்தைக் கண்டடையும் இன்பம் குறைந்திருக்கிறது.

தொடக்கக் காட்சியிலும் இதே கதைதான். பார்ட் கரும்பலகையில் தண்டனை எழுதுவது, லிசா சாக்ஸஃபோன் வாசிப்பது, எல்லோரும் சோபாவுக்கு ஓடி வருவது ஆகிய மூன்றும் வாரந்தோறும் சற்று மாறும். கரும்பலகை வாசகத்துக்கு ஒரு கூட்டமே காத்திருந்தது. இப்போது பல வாரங்களில் அந்தப் பகுதி சுருக்கப்படுகிறது, அல்லது விடுபடுகிறது. ஆனால் அந்தப் பழைய உத்திக்குள் எத்தனை ஆழம் இருந்தது என்பது 2013 நவம்பரில் தெரிந்தது. ஆசிரியை கிராபாப்பெல்லுக்குக் குரல் கொடுத்த மார்சியா வாலஸ் மறைந்தபோது, பார்ட் சோர்ந்த முகத்தோடு கரும்பலகையில் ஒரே ஒரு முறை எழுதி விடைகொடுத்தான். வாராவாரம் சிரிக்கப் பழகிய இடம் என்பதால்தான் அந்த வரி அப்படித் தைத்தது. சோபாக் காட்சி மட்டும் வேறு வழியில் வளர்ந்தது: பேங்க்ஸி 2010இலும், கியர்மோ டெல் டோரோ 2013இலும், டான் ஹெர்ட்ஸ்ஃபெல்ட் 2014இலும் அதைத் தங்கள் கற்பனைக்கு ஏற்பச் செய்து தந்தார்கள்.

படத்தின் மூலையில் ஒளித்துவைத்த வேடிக்கைகள் இன்னொரு வகை. கடைப் பலகை, தேவாலய அறிவிப்பு, செய்தித்தாள் தலைப்பு எல்லாம் கண்சிமிட்டும் நேரத்தில் கடந்து போகும். வீட்டில் வீசிஆர் வைத்திருந்தவர்கள் பதிவு செய்து, நிறுத்தி, வாசித்தார்கள். அந்தப் பொறுமையை நம்பியே எழுத்தாளர்கள் எழுதினார்கள். 2009 பிப்ரவரியில் தொடர் அகலத்திரைக்கு மாறியது. புதிய சட்டகத்தில் இன்னும் அதிகம் வரைய இடம் கிடைத்தது. ஆனால் 2019இல் டிஸ்னி பிளஸ் தளத்தில் பழைய எபிசோடுகளை அகலத்திரைக்கு ஏற்ப மேலும் கீழும் வெட்டிக் காட்டியபோது ஓர் இழப்பு வெளிப்பட்டது. மதுபான ஆலையில் மூன்று விதமான டஃப் பீர் என்று விற்கப்படும் மூன்று தொட்டிகளும் ஒரே குழாயிலிருந்து நிரம்புவதுபோல் 1993இல் ஒரு காட்சி வரைந்திருந்தார்கள். வெட்டிய படத்தில் அந்தக் குழாயைக் காணோம். குழாய் இல்லாவிட்டால் வேடிக்கையும் இல்லை. ரசிகர்கள் முறையிட, 2020 மே மாதம் பழைய சதுரச் சட்டகமும் தளத்தில் சேர்ந்தது. சட்டகத்தின் மேல் விளிம்புவரை யோசித்து வரையப்பட்ட நகைச்சுவை அது என்பதை, வெட்டிப் பார்த்த பிறகே பலர் உணர்ந்தார்கள்.

நேரத்தைக் கையாண்ட துணிவுக்கு 1993 அக்டோபரில் வந்த ‘கேப் ஃபியர்’ எபிசோடு சாட்சி. பார்ட்டைப் பழிவாங்கத் துடிக்கும் சைட்ஷோ பாப் தரையில் கிடக்கும் வாருகோலை மிதிக்கிறார். கைப்பிடி எழும்பி முகத்தில் அடிக்கிறது. திரும்பினால் இன்னொன்று. இப்படி ஒன்பது முறை. எபிசோடு நீளம் போதாததால் நிரப்புவதற்காக நீட்டிய காட்சி அது. முதல் இரண்டு முறை சிரிப்பு, பிறகு சலிப்பு, சலிப்பைத் தாண்டியும் நிற்காதபோது முன்னைவிடப் பெரிய சிரிப்பு. 1996இல் வந்த ஒரு துணுக்கில், மேலதிகாரியை விருந்துக்கு அழைத்த பள்ளி முதல்வர் ஸ்கின்னர், கருகிய இறைச்சியை மறைக்க ஒரு பொய், அந்தப் பொய்யை மறைக்க இன்னொன்று என்று அடுக்கிக்கொண்டே போய், எரியும் அடுக்களையைத் துருவ ஒளி என்று சாதிக்கிறார். மூன்று நிமிடம்கூட ஆகாத அதில் ஒவ்வொரு வேடிக்கையும் முந்தையதின் தோளில் ஏறி நிற்கிறது.

1999இல் ‘ஃபேமிலி கை’ வந்தது. நடக்கும் கதையை நிறுத்திவிட்டு, சம்பந்தமில்லாத ஒரு நொடிக் காட்சிக்குத் தாவித் திரும்புவது அதன் முத்திரை. அந்த உத்தி எழுத்தாளருக்கு எல்லையற்ற விடுதலையைத் தந்தது. எங்கும் போகலாம், எதையும் காட்டலாம். ஆனால் அந்தச் சிரிப்புக்காகக் கதையில் யாரும் எதையும் இழப்பதில்லை. பின்னாளைய ‘சிம்ப்சன்ஸ்’ எபிசோடுகளிலும் ஹோமரின் அசட்டுத்தனம் இந்தத் திசையில் நகர்ந்தது. ஆரம்பத்தில் அவர் செய்த தவறுகள் வீட்டு வாடையோடு இருந்தன. பிறகு அவர் எந்த வேலைக்கும் போனார், எந்த விபத்திலும் பிழைத்தார், அடுத்த வாரம் எதுவும் நடக்காததுபோல் அதே சோபாவில் உட்கார்ந்தார்.

கையால் செய்த வேலைகளும் மாறின. அன்று ஒவ்வொரு சட்டகமும் கண்ணாடித்தாளில் தீட்டப்பட்டது. பெரும்பகுதி வேலை தென் கொரியக் கலைக்கூடங்களில் நடந்தது. 2002 முதல் வண்ணம் கணினிக்கு மாறியது. கோடு சீரானது, நிறம் பிசகுவதில்லை, பழைய படங்களில் தெரிந்த சிறு நடுக்கம் மறைந்தது. இசையில் மாற்றம் இன்னும் பெரிது. 1990 முதல் 2017 வரை ஆல்ஃப் கிளாசன் வாரந்தோறும் 35 பேர் கொண்ட இசைக்குழுவை வைத்துப் பின்னணி அமைத்தார். கோமாளித்தனமான காட்சிக்கு அவர் கோமாளி இசை போட்டதில்லை. பெரிய திரைப்படத்துக்குப் போலவே முழு மனதோடு இசைத்தார். இசை நம்பியதால் நாமும் நம்பினோம். 2017இல் அவர் பணி முடிவுக்கு வந்தது. இசைப் பொறுப்பு வேறொரு நிறுவனத்துக்குச் சென்றது.

எல்லாவற்றையும்விட விசித்திரமானது, இந்தத் தொடருக்குள் காலம் படும் பாடு. 1991இல் வந்த கதைப்படி ஹோமரும் மார்ஜும் 1974இல் பள்ளி இறுதியாண்டில் காதலித்தார்கள். 2008இல் வந்த கதைப்படி, திருமணத்துக்கு முந்தைய அவர்களின் இளமை 1990களில் கழிந்தது. ஹோமர் கிரஞ்ச் இசைக்குழு ஒன்றில் பாடிக்கொண்டிருந்தார். 1995இல் லிசாவின் திருமணத்தைக் காட்டிய எபிசோடு, எதிர்காலம் என்று 2010ஐக் கற்பனை செய்தது. அந்த 2010 கடந்துபோய் வெகுநாளாகிறது. 1989இல் முப்பதுகளின் நடுவில் இருந்த ஹோமர் 1950களில் பிறந்தவர். இன்று அதே வயதில் இருக்கும் ஹோமர் 1980களின் பிற்பகுதியில் பிறந்திருக்க வேண்டும். தொடர் தொடங்கியபோது அவர் கைக்குழந்தையாகத்தான் இருந்திருப்பார்.

இந்தக் கணக்கு வெறும் வேடிக்கை அல்ல. பள்ளிப் படிப்போடு நின்ற ஒருவர், ஒரே சம்பளத்தில், மாடி வீடும் இரண்டு காரும் மூன்று பிள்ளைகளுமாக வாழ்வது 1989இல் சிரமமான, ஆனால் நம்பக்கூடிய வாழ்க்கை. அதனால்தான் 13 டாலரில் இருந்த துயரம் உண்மையாக இருந்தது. 1997இலேயே ஒரு கீறல் விழுந்தது: வாழ்நாளெல்லாம் பாடுபட்டும் எதுவும் சேராத ஃபிராங்க் கிரைம்ஸ் என்ற சக ஊழியர், ஹோமரின் வீட்டைப் பார்த்து மனம் உடைந்தார். 2022 மே மாதம் வந்த எபிசோடு அதை நேராகவே பேசியது. அப்பாவின் வேலையே தனக்கும் போதும் என்று பார்ட் ஆசைப்படும்போது, அப்படியொரு வாழ்க்கை இனி யாருக்கும் கிடைக்காது என்று ஒரு துப்புரவுப் பணியாளர் பாட்டாகவே விளக்குகிறார். வீடு அன்று இருந்த இடத்திலேயே இருக்கிறது. நாடு அதைவிட்டு நகர்ந்துவிட்டது. சாதாரணக் குடும்பத்தின் அடையாளமாக வரைந்த வீடு, இன்று எட்டாத கனவின் படமாக நிற்கிறது.

குரல்களிலும் ஒரு திருத்தம் நடந்தது. 1990இல் அறிமுகமான கடைக்காரர் அபுவுக்கு, சத்யஜித் ராயின் அபு முப்படங்களிலிருந்து பெயர் வந்தது. குரல் ஹேங்க் அசாரியா என்ற வெள்ளை நடிகருடையது. 2017இல் ஹரி கொண்டபோலு எடுத்த ஆவணப்படம், அந்த உச்சரிப்பை வைத்துப் பள்ளியிலும் தெருவிலும் கேலிக்கு ஆளான தெற்காசியப் பிள்ளைகளின் அனுபவத்தை முன்வைத்தது. 2020 ஜனவரியில் அசாரியா விலகினார். அதே ஆண்டு ஜூனில், வெள்ளையரல்லாத பாத்திரங்களுக்கு இனி வெள்ளையர் குரல் கொடுக்கமாட்டார்கள் என்று தொடர் அறிவித்தது. வரவேண்டிய மாற்றம், தாமதமாக வந்தது. கூடவே ஓர் இழப்பும் உண்டு. 1996இல் குடியுரிமைக்காகப் போராடிய, 1997இல் மஞ்சுளாவை மணந்த அபு, அந்த ஊரில் புலம்பெயர்ந்தவருக்கு முழுக் கதை கிடைத்த அரிய பாத்திரம். அவருக்குச் சரியான குரல் தேடுவதற்குப் பதிலாக, அவரைப் பேச்சில்லாமல் பின்னணியில் நிறுத்திவிட்டார்கள்.

பார்க்கும் விதமும் பழையபடி இல்லை. அன்று ஒரே இரவில் மூன்று கோடிப் பேர் ஒன்றாகச் சிரித்தார்கள். இன்று ஒளிபரப்பு நேரத்தில் பார்ப்பவர்கள் பல வாரங்களில் 20 லட்சத்துக்கும் கீழே. ஆனால் ஹோமர் பின்னோக்கி நடந்து புதர்வேலிக்குள் மறையும் 1994ஆம் ஆண்டுக் காட்சியும், ஸ்கின்னரின் விருந்தும், தொடரையே பார்க்காதவர்களின் கைப்பேசிகளிலும் சுற்றுகின்றன. நகைச்சுவை கதையைவிட்டுத் தனியே பிரிந்து வாழக் கற்றுக்கொண்டது. எட்டும் தூரம் பெருகியது. அது எந்தக் கதையின் எந்த வலியிலிருந்து பிறந்தது என்ற நினைவு கழன்றுவிட்டது.

பழையதே சிறந்தது என்று முடித்துவிட இடமில்லை. 2022 ஜனவரியில் வந்த ஓர் எபிசோடில், ஹோமரும் மார்ஜும் பனிக்காட்டில் உடையின்றிச் சிக்கி, பேச்சைக் குறைத்து ஒருவரையொருவர் மீட்டுக்கொள்கிறார்கள். அந்த நிதானம் ஆரம்ப ஆண்டுகளுக்கு இணையானது. 2024 செப்டம்பரில் 36ஆவது சீசனின் முதல் எபிசோடு, தொடரின் இறுதி எபிசோடுபோல் வேடமிட்டு வந்தது. ஊரில் எல்லோருக்கும் மளமளவென்று நல்ல முடிவுகள் வாய்க்க, பார்ட் அதை ஏற்க மறுக்கிறான். முடிவே இல்லாத கதையைச் சொல்வதன் சுமையைத் தொடர் தானே எடுத்துப் பேசியது. முதல் ஆண்டுகளில் இருந்தவர்களுக்கு இப்படியொரு கதை எழுதத் தேவையும் இருக்கவில்லை, அதற்கான வயதும் தொடருக்கு ஆகியிருக்கவில்லை.

1995 ஜனவரியில் வந்த எபிசோடில், பிடித்த வேலையை விட்டுவிட்டு, மேகி பிறக்கப்போவதால் ஹோமர் பழைய அணுமின் நிலையத்துக்கே திரும்புகிறார். நீ இங்கே என்றென்றைக்கும் கிடப்பாய் என்று முதலாளி அவர் மேசைக்கு எதிரே ஒரு பலகை மாட்டுகிறார். வீட்டு ஆல்பத்தில் மேகியின் படம் ஏன் இல்லை என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். படங்களையெல்லாம் ஹோமர் அந்தப் பலகைமேல் ஒட்டி, எழுத்துகளில் சிலவற்றை மட்டும் விட்டு, இவளுக்காகச் செய் என்று படிக்கும்படி மாற்றிவைத்திருக்கிறார். மூலையில் ஒளித்துவைத்த வாசகம், பழங்கதைக்குத் திரும்புதல், சுற்றி வளைத்து வரும் பதில் என்று தொடரின் உத்திகள் யாவும் இந்த ஒரே காட்சியில் சேர்ந்து ஒரு தகப்பனின் சம்பளத்துக்கு அர்த்தம் சொல்கின்றன.

அந்த உத்திகளில் எதுவும் இன்று தொலைந்துபோகவில்லை. கைகள் முன்பைவிடத் தேர்ந்திருக்கின்றன. குறைந்தது, ஹோமர் எதையாவது உண்மையாகவே இழந்துவிடக்கூடும் என்ற அச்சம். அது எபிசோடுகள் பெருகப் பெருகத் தானாகவே கரைந்த ஒன்று. யாருடைய அலட்சியமும் அல்ல. கூடியது, பார்ப்பவரின் வயது. 1989இல் பத்து வயதுப் பிள்ளையாகப் பார்ட்டின் குறும்புக்குச் சிரித்தவருக்கு இன்று நாற்பதைத் தாண்டிவிட்டது. அந்தப் பலகையும் 13 டாலரும் அவருக்கு இப்போதுதான் முழுதாகப் புரிகின்றன. தொடர் தன் பாத்திரங்களுக்குக் கொடுக்க மறுத்த காலத்தைப் பார்வையாளர்கள் தங்கள் வாழ்க்கையிலிருந்து கொண்டுவந்து சேர்க்கிறார்கள். பழைய எபிசோடுகள் இன்றும் வாடாமல் இருப்பதற்கு இதுவே காரணம்; இனி எழுதப்படும் எபிசோடுகளும் நிலைக்க வேண்டுமானால், ஹோமர் குடும்பத்துக்கு எது வலிக்கிறது என்ற கேள்வியிலிருந்துதான் எழுத்தாளர்கள் தொடங்க வேண்டும்.